ஊவாக் காற்றில் சரிந்த வேலி: இரண்டு ஏக்கர் மரக்கறி நிலத்தின் நிகழ்வு ஆய்வு

இலங்கையின் ஊவா மாகாணத்தில், வெலிமடைக்கும் பண்டாரவளைக்கும் இடையில், சுமார் 1,300 மீற்றர் உயரத்தில், பத்தனை எனப்படும் மலைப் புல்வெளியை வெட்டித் திருத்திய நிலம் இது. நீளம் 110 மீற்றர், அகலம் 74 மீற்றர், சுற்றளவு 368 மீற்றர். நீளப் பக்கங்களில் ஒன்று நேரே மேற்கைப் பார்த்து நிற்கிறது. உருளைக்கிழங்கு, போஞ்சி, கரட் என்று போகத்துக்குப் போகம் மாற்றிப் போடுகிறார்கள். கீழ் மூலையில் மூன்று கறவை மாடுகளுக்கு ஒரு கொட்டில். இரவில் காட்டுப்பன்றி வரும், முள்ளம்பன்றியும் வரும். வேலி வேண்டியது இவை இரண்டையும் வெளியே நிறுத்த, மாடுகளை உள்ளே நிறுத்த.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் இந்த இடத்தில் வேலியைப் பற்றிப் பேச முடியாது. தென்மேல் பருவக்காற்று அட்டன், நுவரெலியாப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குள் வறண்ட காற்றாக இறங்குகிறது. யூன் கடைசியிலிருந்து ஓகஸ்ட் வரை பகலிலும் இரவிலும் அடிக்கும். அப்புத்தளைக் கணவாய் போன்ற இடைவெளிகளுக்கு நேரே உள்ள நிலங்களில் வேகம் இன்னும் கூடும். யூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாத் தேயிலைக்கு வரும் தனி மணம் இந்த வறண்ட காற்றால் வருவது. வேலிக்கு அதனால் ஒரு நன்மையும் கிடையாது. ஒக்டோபரில் இடைப்பருவ மழை தொடங்கும். அதன்பின் வடகீழ்க் காற்று எதிர்ப் பக்கத்திலிருந்து வரும். ஆகவே இங்கே ஒரு தூணைக் காற்று ஆண்டில் சில மாதம் கிழக்கே தள்ளும், சில மாதம் மேற்கே தள்ளும், நடுவில் அதன் காலடி வறண்டு பிறகு ஊறும்.

விழுந்த வேலி

பழைய வேலி யூக்கலிப்டஸ் கட்டைகளில் ஐந்து வரி முள்ளுக்கம்பி. கட்டைக்குக் கட்டை 3 மீற்றர். கட்டையின் பருமன் 3 முதல் 4 அங்குலம், மண்ணுக்குள் ஒன்றரை அடி. கம்பியை யூ ஆணியால் அடித்திருந்தார்கள். இப்படியே அது இரண்டு காற்றுக்காலம் நின்றது. மூன்றாவது ஆண்டு, நாற்றுக்குக் காற்று படாமல் இருக்க, மேற்குப் பக்கம் முழுவதும் 6 அடி அகலமான ஐம்பது வீதப் பச்சை நிழல்வலையைக் கம்பியோடு சேர்த்துக் கட்டினார்கள். யூலையில் மேற்கு வரிசை படுத்துவிட்டது. மற்ற மூன்று பக்கங்களிலும் கம்பி தொய்ந்ததே தவிரக் கட்டை விழவில்லை.

விழுந்ததை அள்ளிப் போடுமுன் கட்டை கட்டையாகப் பார்த்தால் காரணம் அங்கேயே கிடக்கும். மேற்கு வரிசையின் 36 இடைக்கட்டைகளில் 11 தரைமட்டத்தில் முறிந்திருந்தன. முறிவுக்குள் உக்கிய மரம், வெளியே நல்ல மரம். 19 முறியாமல், குழியோடு அகன்று சாய்ந்திருந்தன. 6 நின்றன, அந்த ஆறும் ஒரு பாறைத் திட்டைச் சுற்றி, கல் இறுகிய மண்ணில் நடப்பட்டவை. இந்த 30 கட்டைகளும் கிழக்கே, அதாவது காற்று போன திசையில் கிடந்தன. ஆனால் இரண்டு மூலைக்கட்டைகளும் கிழக்கே சாயவில்லை. அவை வேலியின் நீளவாக்கில், கம்பி இழுத்த பக்கமாகச் சாய்ந்திருந்தன. அவற்றின் காலடியில் இருந்த இடைவெளியில் பழைய இலைச்சருகும் பாசியும் படிந்திருந்தன. அந்தச் சாய்வு யூலையில் வந்ததல்ல.

ஆக இரண்டு வேறு பழுதுகள். மூலைகளைக் கம்பியின் இழுவை மெல்ல மெல்லச் சாய்த்தது, கம்பி தொய்ந்தது, தொய்ந்த கம்பியால் ஒரு கட்டையின் பாரத்தை அடுத்த கட்டையோடு பங்கிட முடியவில்லை. அந்த நிலையில் இருந்த வரிசையின்மேல்தான் வலை ஏறியது. காற்றை மட்டும் குற்றம் சொல்லி இன்னும் பருமனான கட்டை வாங்கியிருந்தால், மறுபடியும் மூலையில்தான் தொடங்கியிருக்கும்.

காற்று எதைத் தள்ளுகிறது

மணிக்கு 90 கிலோமீற்றர் வேகக் காற்று ஒரு சதுர மீற்றர் பரப்பில் ஏறக்குறைய 39 கிலோ பாரமளவு அழுத்தும். 3 மீற்றர் இடைவெளியில் ஐந்து வரி முள்ளுக்கம்பி காட்டும் பரப்பு மிகக் குறைவு. முழுவதையும் சேர்த்தாலும் ஒரு கட்டைக்கு மூன்றரைக் கிலோ வரைதான் வரும். அதே இடைவெளியில் 1.8 மீற்றர் உயரத்துக்கு ஐம்பது வீத வலை கட்டினால், வலைக்குள்ளால் போகும் காற்றைக் கழித்த பிறகும், ஒரு கட்டைக்கு சுமார் 170 கிலோ. அதுவும் தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் பிடித்துத் தள்ளுவதற்குச் சமன். காற்று 60 கிலோமீற்றராகக் குறைந்தால் 75 கிலோ. வேகம் ஒன்றரை மடங்கானால் தள்ளல் இரண்டேகால் மடங்காகும். இந்த வர்க்கக் கணக்கை மறந்துதான் "போன மாசம் அடிச்ச காத்துக்கு நின்னுச்சே" என்கிறோம்.

வெறும் கம்பி வேலியைக் காற்று கிட்டத்தட்ட கண்டுகொள்வதே இல்லை. தகரம், சாக்கு, பொலித்தீன், நிழல்வலை, படரவிட்ட சௌசௌக் கொடி ஆகியவற்றில் எது ஏறினாலும் அது வேலி என்ற கணக்கை விட்டுப் பாய்மரம் என்ற கணக்குக்குப் போய்விடுகிறது.

வறண்ட மாதங்களில் மண்ணும் ஒத்துழைப்பதில்லை. கட்டை ஒவ்வொரு வீச்சுக்கும் சிறிது அசைய, காய்ந்த மண் குழியைச் சுற்றி உதிர்ந்து வளையமாக இடைவெளி விழும். ஒக்டோபர் மழை அந்த வளையத்தில் தேங்கும். மரக்கட்டை தரைமட்டத்துக்குக் கீழே நாலு விரல் ஆழத்தில் உக்குவது இதனால்தான்: காற்றும் ஈரமும் சேர்ந்து கிடைக்கும் இடம் அது. வெட்டி உடனே நட்ட பச்சை யூக்கலிப்டஸ் காயும்போது வெடிக்கும், யூ ஆணி வெடிப்பில் தளர்ந்து கழன்று வரும். இதோடு பத்தனைத் தீயையும் சேர்க்க வேண்டும். யூலை முதல் செப்டெம்பர் வரை யாராவது எங்காவது புல்லுக்குத் தீ வைப்பார்கள். காற்று அதை ஒரு மணி நேரத்தில் மலை தாண்டிக் கொண்டு வரும். மரக்கட்டை வேலி அதோடு சரி.

உயிருள்ள மரத்தில் கம்பி அடிப்பது மலையகத்தில் எங்கும் உள்ள வழக்கம். காற்றில்லாத பள்ளத்தில் சரி. மேட்டில் கிரவீலியா அடியிலிருந்தே ஆடும். ஒவ்வொரு ஆட்டமும் கம்பியை இழுத்து அடுத்த கட்டையின் ஆணியைத் தளர்த்தும். சில வருடத்தில் மரம் கம்பியை விழுங்கிவிடும், பிறகு அதை மீண்டும் இறுக்க வழியே இல்லை. கீழ்நாட்டில் வேலிக்கு நடும் கிளிரிசீடியாக் கதியாலும் இந்த உயரத்தில் சரியாக வளராது.

மாற்றிய அமைப்பு

முடிவு எளிது: வேலி வேலியாக மட்டும் இருக்கும், காற்றுத்தடுப்பு அதிலிருந்து தள்ளி, தன் சொந்தக் காலில் நிற்கும்.

வேலிக்கு எடுத்தது 4 அங்குலச் சதுரக் கொங்கிறீட் தூண், நீளம் 7 அடி. 2 அடி மண்ணுக்குள், 5 அடி வெளியே. தூணுக்குத் தூண் 8 அடி. நீளப் பக்கத்துக்கு 45 இடைவெளி, அகலப் பக்கத்துக்கு 30, மொத்தம் 150. சுற்றி வரும் வேலியானபடியால் தூணும் 150. இவற்றில் 11 தூண்கள் இழுவையைத் தாங்க வேண்டியவை: நாலு மூலை, நீளப் பக்கங்களில் மூன்றில் ஒரு பங்கு தூரத்துக்கு ஒன்றாக நாலு, அகலப் பக்கங்களின் நடுவில் ஒவ்வொன்று, அந்த நடுத்தூண்களில் ஒன்றை ஒட்டி வைத்த படலையின் மறுபக்கத் தூண் ஒன்று. எந்தக் கம்பித் துண்டும் 37 மீற்றருக்கு மேல் ஒரே இழுவையில் போகவில்லை. ஒரு துண்டு அறுந்தாலும் பழுது அந்த 37 மீற்றரோடு நிற்கும்.

இழுவைத் தூண் 6 அங்குலச் சதுரம், 8 அடி நீளம், 3 அடி ஆழம். ஒன்று 130 கிலோ வரும். நாலு பேர் சேர்ந்து மேட்டில் ஏற்றுவதைவிட, பலகைப் பெட்டி அடித்து நிலத்திலேயே வார்ப்பது சுகம். நாலு 10 மில்லிமீற்றர் கம்பி, அரையடிக்கு ஒரு 6 மில்லிமீற்றர் வளையம், 1:2:4 கலவை (சீமெந்து, மணல், சல்லி). வறண்ட காற்றில் வார்க்கும்போது கொங்கிறீட்டின் மேற்பரப்பு உள்ளே இறுகுமுன் காய்ந்து மயிர்வெடிப்பு விடும். வார்த்து ஒரு மணி நேரத்துக்குள் ஈரச்சாக்கால் மூடி, சாக்குப் பறக்காமல் கல் வைத்து, 14 நாள் நனைக்க வேண்டும். மேசன் பாஸ்மார் மூன்று நாளோடு விட்டுவிடுவது வழக்கம். வீட்டுச் சுவரில் அது தெரியாமல் போகலாம். இழுவைத் தூணில் வெடிப்பு வழியே ஈரம் போய் உள்கம்பி துருப்பிடிக்கும்.

வேலியின் கம்பிகள் கீழிருந்து மேலாக: தரையை ஒட்டி வெளிப்புறம் ஒரு முள்ளுக்கம்பி, 4 அங்குலம், 20 அங்குலம், 36 அங்குல உயரங்களில் 10 கேஜ் ஜீ.ஐ. (நாகம் பூசிய இரும்பு) கம்பி மூன்று, அந்த மூன்றிலும் கட்டிய 3 அடி செயின்லிங்க் வலை, மேலே 46, 57 அங்குலங்களில் இரண்டு முள்ளுக்கம்பி. பன்றி மூக்கால் தூக்கிப் பார்க்கும் விலங்கு, தாண்டுவது குறைவு. அதனால் காசு முழுவதும் கீழ் மூன்றடியில் போகிறது. வலையை மண்ணுக்குள் புதைக்கவில்லை. பத்தனை மண் புளித்த மண். நாகப் பூச்சைத் தின்றுவிடும். அதற்குப் பதிலாகத் தரையை ஒட்டிய முள்ளுக்கம்பியை ஒவ்வொரு இடைவெளியின் நடுவிலும் ஓரடி நீளக் கொக்கிக் கம்பியால் நிலத்தோடு அறைந்தார்கள். முள்ளம்பன்றிக்கு இது போதாத இடங்களில் அடியில் கல் அடுக்கினார்கள். குரங்குக்கு இந்த வேலி ஒரு ஏணி; அதற்கு இங்கே பதில் இல்லை.

செயின்லிங்க் வலையில் காற்றுத் தள்ளல் 90 கிலோமீற்றரில் ஒரு தூணுக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோ. தரைக்குப் பக்கத்தில் விழுவதால் பொருட்டில்லை. ஆனால் ஓகஸ்டில் காய்ந்த புல்லும், பாத்தி மூடிய பொலித்தீன் துண்டுகளும் பறந்து வந்து வலையில் ஒட்டும். முழுவதும் அடைந்தால் அதே இடைவெளியில் நூறு கிலோ. காற்றுக்காலத்தில் வாரம் ஒரு முறை வலையைக் கூட்டிவிடுவது இந்த வேலியின் பராமரிப்பில் பாதி.

மொத்தப் பொருட்கள்:

- 4 அங்குலத் தூண் 165 (வரிசைக்கு 139, முட்டுக்கால்களுக்கு 20, உடைவுக்கு 6)
- இழுவைத் தூண் வார்க்க 10 மில்லிமீற்றர் கம்பி 6 மீற்றர் நீளத்தில் 22, வளையத்துக்கு 6 மில்லிமீற்றர் கம்பி சுமார் 18 கிலோ
- சீமெந்து 18 மூடை, மணல் அரைக் கியூபுக்குச் சற்று மேல் (ஒரு கியூப் 100 கன அடி), சல்லி ஒரு கியூபுக்குச் சற்று மேல்
- 10 கேஜ் ஜீ.ஐ. கம்பி 1,150 மீற்றர் (சுமார் 75 கிலோ)
- முள்ளுக்கம்பி 1,150 மீற்றர்
- 3 அடி செயின்லிங்க் வலை 370 மீற்றர்
- 14 கேஜ் கட்டுக்கம்பி 15 கிலோ

முள்ளுக்கம்பி கிலோக் கணக்கில் விற்கப்படும். ஒரே எடை ரோலில் கேஜுக்குத் தக்க நீளம் மாறும். எடையைக் கேட்டு வாங்கினால் கடைசிப் பக்கத்தில் கம்பி முடிந்துவிடும். ரோலின் நீளத்தைக் கேளுங்கள்.

மூலை

பழைய மூலையில் ஒரு முட்டுக்கால் இருந்தது. அது வேலிக்குக் குறுக்காக, நிலத்தின் உட்புறத்திலிருந்து தாங்கியது. காற்றுக்கு என்று நினைத்து வைத்திருக்கிறார்கள். மூலையைத் தள்ளுவது காற்றல்ல. ஆறு வரியும் நூறு கிலோ இழுவையில் நின்றால் ஒரு பக்கத்துக்கு 600 கிலோ, இரவும் பகலும். முட்டுக்கால் அந்த இழுவைக்கு எதிரே, கம்பி போகும் அதே வரிசையில், கம்பிக்கு அடியில் நிற்க வேண்டும். மூலைக்கு இரண்டு, படலையை ஒட்டாத ஐந்து நடு இழுவைத் தூண்களுக்கு இரண்டிரண்டு, படலையின் இரு பக்கமும் ஒவ்வொன்று: மொத்தம் 20.

7 அடி முட்டுக்காலின் தலை, இழுவைத் தூணில் தரையிலிருந்து 40 அங்குல உயரத்தில், வார்க்கும்போதே விட்ட பள்ளத்தில் அமர்கிறது. கால் ஐந்தரை அடி தள்ளி, ஓரடி ஆழத்தில் ஒரு கொங்கிறீட் கட்டியில். உச்சியில் முட்டுக் கொடுக்கக் கூடாது. நடுவில் தூண் வில்லாக வளையும். தரைக்கு அருகிலும் கூடாது, தலை சாயும்.

பலர் கவனிக்காத ஒன்று, முட்டுக்கால் சாய்வாகத் தள்ளுவதால் மூலைத்தூணை மேலேயும் தூக்குகிறது. இந்த அளவுகளில் ஒரு முட்டுக்கால் 300 கிலோவுக்கு மேல் தூக்கும். மூலையில் இரண்டும் சேர்ந்தால் 650. தூணும் அதைச் சுற்றிய கொங்கிறீட்டும் சேர்ந்து 520 கிலோதான். மீதியை மண் பிடிக்க வேண்டும். அதற்காக 18 அங்குலச் சதுரக் குழியின் அடியை இரண்டு பக்கமும் 3 அங்குலம் உள்ளே குடைந்து அகலமாக்கினார்கள். மேல் குறுகி அடி விரிந்த கொங்கிறீட்டை மண் விடாது. குழியின் சுவரை அலவாங்கால் சொரசொரப்பாகவே விட வேண்டும். மண்வெட்டியால் வழித்து அழகாக்கிய குழி வழுக்கும்.

குழிக் கலவை 1:3:6 போதும். ஏழு நாளைக்கு முன் கம்பியைத் தொடக் கூடாது. அவசரத்தில் மறுநாளே இழுத்த மூலை, முதல் மழையில் அரை அங்குலம் நகர்ந்து கம்பி முழுவதையும் தளர்த்திவிடும்.

சரிவில் தூண் நடுதல்

எல்லைக்கல்லை நில அளவைப் படத்தோடு சரிபார்த்து, ஓரடி உள்ளே நூல் கட்டி, முதலில் 11 இழுவைத் தூண்களையும் நட வேண்டும். வரிசைத் தூண்கள் பிறகு. ஆழத்தை எப்போதும் சரிவின் கீழ்ப்பக்கத்திலிருந்து அளக்க வேண்டும். மேல்பக்கம் அளந்து 2 அடி என்றால் கீழ்ப்பக்கம் ஒன்றரைதான் இருக்கும். தூண் ரசமட்டத்துக்கு நேராக நிற்கட்டும், சரிவுக்குச் செங்குத்தாக அல்ல.

வரிசைத் தூணுக்குக் கொங்கிறீட் போடவில்லை. வெறும் கம்பி வேலியில் அந்தத் தூணுக்கு வரும் தள்ளல் சொற்பம் என்று மேலே பார்த்தோம். குழியை ஓரடிச் சதுரத்துக்கு மேல் தோண்டாமல், அரையடிக்கு ஒரு அடுக்காக மண்ணும் உடைகல்லும் போட்டு அலவாங்கின் தலையால் இடித்தார்கள். காய்ந்த மண் இறுகாது. ஒவ்வொரு அடுக்கிலும் ஒரு கோப்பைத் தண்ணீர் தெளித்தால் பிடிக்கும். மேலே மண்ணைச் சிறு குவியலாக விட வேண்டும், தண்ணீர் தூணை விட்டு ஓடுவதற்கு. கொட்டிய மண்ணும் கசிவு நீரும் உள்ள இடத்தில் மட்டும் விதிவிலக்கு: அங்கே 3 அடி ஆழம், அடியில் கொங்கிறீட்.

பள்ளத்தில் நிற்கும் தூண் தனிக் கதை. நிலம் இறங்கி ஏறும் இடத்தில் இறுகிய கம்பி நேராக வரப் பார்க்கும், நடுத்தூணைப் பிடுங்கும். இரு பக்கச் சரிவும் சேர்ந்து 10 பாகை மாறினாலே 600 கிலோ இழுவை அந்தத் தூணை நூறு கிலோவுக்கு மேல் தூக்கும். தூணின் எடை 50. இங்கே அப்படி இரண்டு இடங்கள். அங்கே தூணின் அடியில் துளையிட்டு ஒரு குறுக்குக் கம்பி செருகி, அதைச் சுற்றிக் கொங்கிறீட் போட்டார்கள். மேட்டின் உச்சியில் நிற்கும் தூணுக்கு இந்தத் தொல்லை இல்லை, கம்பி அதை அழுத்தத்தான் செய்யும்.

கான் (நீர் வடியும் வாய்க்கால்) குறுக்கிடும் இடத்தில் வேலியைக் கானுக்குள் இறக்கக் கூடாது. வேலி மேலே நேராகப் போகட்டும். கானின் வாயில் தனியே ஒரு கம்பிச் சட்டத்தைத் தொங்கவிட்டு, கீழே ஒரே ஒரு மெல்லிய கட்டுக்கம்பியால் பிடித்தால் போதும். நவம்பர் மழையில் குப்பையும் கிளையும் அடித்து வரும்போது அந்தக் கட்டு அறுந்து சட்டம் மேலே தூக்கும்; வேலி போகாது.

கம்பியை இழுத்தல்

நடு ஜீ.ஐ. கம்பியை முதலில், பிறகு கீழ், பிறகு மேல், கடைசியில் முள்ளுக்கம்பிகள். மேல்கம்பியை முதலில் இழுத்தால் தூண்தலை அசைந்து பிறகு கீழ்க்கம்பி தொய்வாகவே தெரியும்.

எவ்வளவு இறுக்குவது என்பதைக் கையால் தட்டிப் பார்த்துச் சொல்வதில் ஆளுக்கு ஒரு கணக்கு. இதற்கு ஒரு எளிய சோதனை: 8 அடி இடைவெளியின் நடுவில் 5 கிலோப் பாரத்தைத் தொங்கவிட வேண்டும். கம்பி 3 சென்ரிமீற்றர் இறங்கினால் இழுவை நூறு கிலோ. 6 சென்ரிமீற்றர் இறங்கினால் ஐம்பதுதான். ஒன்றரை மட்டும் இறங்கினால் இருநூறு, அது அதிகம். வலை கட்டுமுன் இதைச் செய்ய வேண்டும்.

நேரமும் முக்கியம். ஊவாவில் வெயில் காலத்தில் உச்சிப்பொழுதில் கம்பி கையைச் சுடும், விடிகாலையில் சில்லிடும். 30 பாகை வித்தியாசத்தில் 37 மீற்றர்க் கம்பி 13 மில்லிமீற்றர் சுருங்கப் பார்க்கும். தூண்கள் அசையாமல் நின்றால், 10 கேஜ் கம்பி ஒன்றில் அது 60 கிலோ கூடுதல் இழுவை. நண்பகலில் நூறுக்கு இறுக்கிய கம்பி விடியும்போது 160. ஆறு வரிக்கும் அந்தக் கூடுதல் மூலையில் விழும். மறுதலையாக, குளிர்ந்த காலையில் நூறுக்கு இறுக்கினால் மத்தியானம் கம்பி தொய்ந்து கிடக்கும். காலை ஒன்பது பத்து மணி, மேகம் மூடிய நாள் என்றால் எப்போதும்.

கம்பியைக் காற்றும் பன்றியும் வரும் வெளிப்பக்கத்தில் கட்ட வேண்டும். தள்ளல் கம்பியைத் தூணோடு அழுத்தும், கட்டைப் பிரிக்காது. தூணில் விட்டிருக்கும் துளைக்குள்ளால் கம்பியைக் கோத்துக்கொண்டு போவது வேகமான வேலைதான், ஆனால் காற்றில் அதிரும் கம்பி கொங்கிறீட் விளிம்பில் உரசி நாகப் பூச்சு போய், அங்கேதான் முதலில் துருப்பிடிக்கும். அறுந்தால் மாற்றுவதும் வில்லங்கம். துளையில் கட்டுக்கம்பியை மட்டும் கோத்து, ஓட்டக் கம்பியை அதால் இரட்டைச் சுற்றில் பிடிக்க வேண்டும். வரிசைத் தூண்களில் கட்டு கம்பியை நெரிக்கக் கூடாது. கம்பி நீளவாக்கில் வழுக்க இடம் வேண்டும். 18 கேஜ் மெல்லிய கட்டுக்கம்பி கொங்கிறீட் கம்பி கட்டுவதற்கானது. பூச்சில்லாத அந்தக் கம்பி ஒரு காற்றுக்காலத்தில் முறிந்துவிடும்.

மாடுகள் நிற்கும் மூலையில் உட்புறமாக, ஒரு முழம் தள்ளி, முள்ளில்லாத கம்பி இரண்டு வரி தனியே ஓடுகிறது. மாடு தூணில் முதுகு தேய்க்கும் பாரம், காற்று வெறும் கம்பியில் தரும் பாரத்தைவிட அதிகம்.

காற்றுத்தடுப்பு

வலை வேண்டாம் என்பதல்ல. வேலிக்கு 3 மீற்றர் உள்ளே தனி வரிசையில் 2 அங்குல ஜீ.ஐ. குழாய்கள், 2 மீற்றருக்கு ஒன்று, 2 அடி ஆழம், கொங்கிறீட் அடி. வலை 4 அடி உயரம் மட்டும். இந்த அளவில் 90 கிலோமீற்றர்க் காற்றிலும் ஒரு குழாய்க்கு 75 கிலோதான்; குழாய் தாங்கும். வலையைக் கம்பியால் கட்டாமல் சாக்குத் தைக்கும் சணல் நூலால் கட்டினார்கள். அதைவிடப் பெரிய காற்று வந்தால் நூல் அறும், வலை கீழே விழும், குழாய் நிற்கும். நூலின் விலை என்ன, குழாயின் விலை என்ன.

ஐம்பது வீத வலை, தகரத்தைவிடக் காற்றை நன்றாக அடக்கும். முழுத் தடையின் மேலால் ஏறிய காற்று பின்னால் சுழன்று இறங்கிப் பயிரைப் புரட்டும். பாதி விடும் தடை சுழற்றாமல் வேகத்தை மட்டும் குறைக்கும். பயன் உயரத்தைப் போல் பத்து மடங்கு தூரம் வரை: 4 அடி வலைக்கு 12 மீற்றர். அதற்கு அப்பால் உள்ள பாத்திகளுக்கு சீஓ-3 புல்லை இரண்டு வரிசையாக நட்டிருக்கிறார்கள். 2 மீற்றர் உயர்ந்தால் 20 மீற்றருக்கு மறைவு, மாட்டுக்குத் தீனியும் ஆகும். இரண்டு வரிசையையும் ஒரே நாளில் அறுக்காமல் மாற்றி மாற்றி அறுப்பதுதான் நிபந்தனை.

செய்யக் கூடாத இரண்டு

நல்ல வேலி நின்றதும் அதில் சுருக்குக் கம்பி தொங்கவிடும் ஆசை வரும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பகுதியில் ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் மாட்டி, மீட்டும் பிழைக்காமல் இறந்தது. தேயிலை மலைகளில் சிறுத்தைகள் இப்படிச் சாவது அது ஒன்றோடு நிற்கவில்லை. சுருக்குக்குப் பன்றி எது, சிறுத்தை எது, பக்கத்து லயத்து நாய் எது என்று தெரியாது. மற்றது, வீட்டு மின்சாரத்தை நேரே கம்பியில் கொடுப்பது. அது சட்டவிரோதம், ஈரப் புல்லில் கை வைக்கும் ஆளைக் கொல்லும். மின்வேலிதான் வேண்டும் என்றால் மின்னைத் துடிப்புத் துடிப்பாக இடைவெளி விட்டுக் கொடுக்கும் கருவியோடு, தனிக் கம்பியில், அறிவிப்புப் பலகையோடு செய்ய வேண்டும்.

முதல் ஆண்டில் கண்டவை

காற்றுக்காலம் முடிந்தபோது தூண் ஒன்றும் சாயவில்லை. மேற்குப் பக்கத்தில் கட்டுகள் பல தளர்ந்திருந்தன, பெரும்பாலும் நடு ஜீ.ஐ. கம்பியில், அதிர்வு அங்கேதான் அதிகம். அவற்றை மறுபடி முறுக்காமல் வெட்டிப் புதிதாகக் கட்டினார்கள், ஒருமுறை முறுக்கிய கம்பி இரண்டாம் முறை முறுக்கும்போது முறியும் என்பதால். சணல் நூல் இரண்டு இடத்தில் அறுந்து வலை இறங்கியது. அரை நாள் வேலை.

தீக்காக வேலிக்கு வெளியே 6 அடிப் பட்டையில் புல்லை அடியோடு அறுத்து வைத்தார்கள். மண்ணைச் சுரண்டவில்லை. சரிவில் சுரண்டிய பட்டை ஒக்டோபரில் கானாகும், தூணின் காலடியைத் தின்னும்.

மழை தொடங்கியதும் பார்க்க வேண்டியது வேறு. தூண் காற்றின் திசையில் தனித்தனியே, முன்பின்னாகச் சாய்ந்தால் அது குழியின் பழுது. அடுத்தடுத்த ஐந்தாறு தூண்கள் ஒன்றாக, சரிவின் கீழ்நோக்கி, ஒரே அளவில் சாய்ந்தாலோ, நேராக நட்ட வரிசை நடுவில் வில்லாகக் கீழிறங்கித் தெரிந்தாலோ, அந்த மண்ணே நகர்கிறது. மேல்பக்கத்தில் பிறை வடிவ வெடிப்பும், புதிதாகக் கலங்கிய ஊற்றும் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தைத் தோட்டக் குடியிருப்பை மண்சரிவு மூடியது இதே பதுளை மாவட்டத்தில்தான். இப்படித் தெரிந்தால் தூணை நிமிர்த்தும் வேலையைத் தொடங்காமல், கீழே குடியிருப்பவர்களை விலக்கி, கிராம அலுவலர் வழியாகத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டும். இந்த நிலத்தில் வடக்கு மூலையை அடுத்த நாலு தூண்களின் தலையில் வண்ணப்புள்ளி வைத்து, எதிரே பாறையில் ஒரு குறியிட்டு, மழை மாதங்களில் இரண்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை நாடாவால் அளந்து எழுதி வருகிறார்கள். இதுவரை அளவு மாறவில்லை.